பாட்டியின் கையில் 182: பிபி மிஷின் காட்டும் எண் எவ்வளவு நிஜம்?

எழுபது வயதைத் தாண்டியவர் வீட்டில் இருந்தால் இந்தக் குழப்பம் என்றாவது ஒருநாள் வரத்தான் செய்யும். வீட்டு மிஷினில் 148. தெருமுனை கிளினிக்கில் 182. இரண்டு நாள் கழித்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் தன்னார்வலர் பார்த்தால் 160. அந்த 182ஐ வைத்துக் கூடுதலாக ஒரு மாத்திரை ஆரம்பிக்கிறார்கள், மூன்றாம் நாள் விடியற்காலையில் பாத்ரூமுக்கு எழுந்த பாட்டிக்குக் கண் இருட்டிக்கொண்டு வர, சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறார். பிபி அதிகம் என்று மாத்திரை கொடுக்கப்பட்டவருக்கு, பிபி இறங்கிப்போனால் வரும் கிறுகிறுப்பு ஏன் வருகிறது?

பதிலில் பாதி, கருவி எப்படி வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. மீதி, வயதான ரத்தக்குழாய் எப்படி மாறுகிறது என்பதில். உள்ளே போவதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. வயதானவர்களுக்குக் காட்டும் உயர் ரத்த அழுத்தத்தில் பெரும்பகுதி நிஜமானதுதான், பக்கவாதத்தைக் கொண்டுவரக்கூடியதுதான். பொய்யாக ஏறிக் காட்டும் எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் டாக்டரிடம் என்ன கேட்பது என்பதுதான் இங்கே பேச்சு.

## பட்டை எதை அளக்கிறது?

கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும் முறையை இத்தாலியைச் சேர்ந்த ரிவா ரோச்சி 1896இல் கொண்டுவந்தார். பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துச் சத்தம் கேட்டு மேல் எண், கீழ் எண் இரண்டையும் பிடிக்கலாம் என்று ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் 1905இல் சொன்னார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அடிப்படை இன்னும் அதேதான்.

1. பட்டையில் காற்று ஏற ஏற, முழங்கைக்கு மேலே ஓடும் ரத்தக்குழாய் நசுங்கி மூடிக்கொள்கிறது. ரத்தம் நின்றுவிடுகிறது.

2. காற்றை மெதுவாக இறக்கும்போது, ரத்தம் முதன்முதலில் பீறிட்டு நுழையும் இடத்தில் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். அது மேல் எண், அதாவது சிஸ்டாலிக். சத்தம் முழுக்க மறையும் இடம் கீழ் எண், டயஸ்டாலிக்.

3. வீட்டில் வைத்திருக்கும் தானியங்கி மிஷின் சத்தம் எதையும் கேட்பதில்லை. ரத்தக்குழாயின் துடிப்பால் பட்டைக்குள் இருக்கும் காற்றில் உண்டாகும் சின்ன அதிர்வுகளைப் பார்க்கிறது. அதிர்வு எங்கே உச்சமோ அது ஏறக்குறைய சராசரி அழுத்தம். அதிலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறது, அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

இந்த மூன்றிலும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கருவி ரத்தத்தின் அழுத்தத்தை நேராகத் தொடுவதே இல்லை. குழாயை வெளியிலிருந்து நசுக்க எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. குழாயின் சுவர் மெத்தென்று இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், உள்ளே ரத்தம் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு அழுத்தினால் போதும். சுவரே விறைத்துப்போயிருந்தால்? புதிதாக வாங்கிய ஓஸ் பைப்பை இரண்டு விரலால் அழுத்தித் தண்ணீரை நிறுத்திவிடலாம். மொட்டைமாடியில் நாலு கோடை வெயிலைப் பார்த்த பைப்பை அப்படி நிறுத்த முடியுமா? குழாயில் வருகிற தண்ணீர் அதே வேகம்தான், ஆனால் காலால் மிதித்தால்தான் மூடும். அந்தக் கூடுதல் மிதியையும் சேர்த்துத்தான் மிஷின் பிபி என்று காட்டுகிறது.

## வயதானால் நடப்பது இரண்டு வேறு விஷயங்கள்

‘வயசாச்சு, ரத்தக்குழாய் இறுகிப்போச்சு, அதான் பிபி’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் இறுகுவதில் இரண்டு வகை இருக்கிறது, ஒன்று நிஜமாகவே அழுத்தத்தை ஏற்றுகிறது, மற்றது எண்ணை மட்டும் ஏற்றுகிறது.

முதலாவது, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனி இறுகுவது. சின்ன வயதில் இதயம் ஒவ்வொரு முறை ரத்தத்தைத் தள்ளும்போதும் அது கொஞ்சம் விரிந்து கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வயதானபின் அந்த நெகிழ்வு போய்விடுவதால் மேல் எண் ஏறுகிறது, கீழ் எண் இறங்குகிறது. 172/70 என்ற மாதிரி எண்கள் முதியவர்களிடம் அடிக்கடி வருவது இதனால்தான். இது பொய் எண் கிடையாது. கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு காலத்தில் இதை விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் அறுபது வயதைக் கடந்தவர்களை வைத்துச் செய்து 1991இல் வெளியான ஷெப் ஆய்வு, இப்படி மேல் எண் மட்டும் ஏறியவர்களுக்கு மருந்து கொடுத்தால் பக்கவாதம் 36 சதவீதம் குறைகிறது என்று காட்டிய பிறகுதான் அந்தப் பழக்கம் மாறியது. எண்பது வயதைக் கடந்தவர்களுக்கும் சிகிச்சை பலன் தரும் என்று 2008இல் ஹைவெட் ஆய்வு காட்டியது.

இரண்டாவதுதான் நம் விஷயம். கையில் ஓடும் நடுத்தரக் குழாய்களின் சுவரில், நடு அடுக்கில், சுண்ணாம்புச் சத்து படிவது. 1903இல் இதை விவரித்த மாங்க்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரில்தான் இன்றும் இது அழைக்கப்படுகிறது. கொழுப்பு அடைப்பு மாதிரி இது ரத்தம் போகும் வழியை அடைப்பதில்லை, சுவரை மட்டும் விறைக்க வைக்கிறது. வயதோடு வரும். நீண்டகாலச் சர்க்கரை நோயிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் இன்னும் அதிகமாக வரும். இப்படி விறைத்த குழாயின்மேல் பட்டை காட்டும் எண் உள்ளே இருக்கும் அழுத்தத்தைவிட நன்றாக ஏறிப்போனால் அதற்குப் பொய் ரத்த அழுத்தம் என்று பெயர்.

சர்க்கரை நோயாளிகளின் காலைப் பார்க்கும் டாக்டர்களுக்கு இது தினமும் கண்ணில் படும் சமாச்சாரம். கணுக்காலில் பட்டை கட்டி அங்கே வரும் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், சாதாரணமாக அந்த விகிதம் 1ஐ ஒட்டி இருக்கும். சிலருக்கு 1.4ஐத் தாண்டிவிடும். உடனே காலில் ரத்தம் பாய்ந்து ஓடுகிறது என்று யாரும் நினைப்பதில்லை, குழாய் நசுங்க மறுக்கிறது என்று புரிந்துகொண்டு, அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டுக் கால் விரலில் அளக்கப் போகிறார்கள். காலில் வந்தால் சந்தேகப்படுகிறோம், கையில் வந்தால் மாத்திரை எழுதுகிறோம். எனக்கு இது சரியாகப் படவில்லை.

## விரலால் தொட்டுப் பார்க்கும் சோதனை

இந்தச் சந்தேகம் புதிதல்ல. கனடாவில் பிறந்த மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1892இல் வெளியிட்ட தன் மருத்துவப் பாடநூலிலேயே, ரத்த ஓட்டத்தை அமுக்கி நிறுத்திய பிறகும் விரலுக்குத் தட்டுப்படுகிற குழாய் இறுகிப்போன குழாய் என்று சொல்லியிருக்கிறார். பட்டையில் நாடித்துடிப்பு மறையும் அளவுக்கு மேலே காற்றடித்துவிட்டு, மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்தைத் தொட வேண்டும். மெத்தென்ற குழாய் என்றால் ரத்தம் போனதும் தட்டையாகி விரலுக்கு ஒன்றும் தெரியாது. விறைத்த குழாய் துடிப்பு இல்லாமலே தடித்த கயிறு மாதிரி விரலில் உருளும். 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை ஆஸ்லரின் பெயரோடு மறுபடி பேசவைத்தார்கள்.

ஆனால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. ஒரே நோயாளியைப் பார்த்த இரண்டு டாக்டர்கள் வேறு வேறு பதில் சொன்னதும், பொய் அழுத்தம் இல்லாத பல முதியவர்களிடமும் கயிறு மாதிரி தட்டுப்பட்டதும் பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி குழாய்க்குள்ளேயே மெல்லிய ஊசிக்குழல் விட்டு நேராக அளப்பது. ஐசியுவிலும் பெரிய ஆபரேஷன்களிலும் செய்வார்கள். வெளிநோயாளியாக வருகிற எல்லோருக்கும் இதைச் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை.

அதனால் நடைமுறையில் டாக்டர்கள் சூழ்நிலையை வைத்துத்தான் சந்தேகப்படுகிறார்கள்:

1. பல வருஷமாக 180, 190 என்று காட்டுகிறது, ஆனால் எக்கோவில் இதயச் சுவர் தடிக்கவில்லை, கண்ணின் விழித்திரை நன்றாக இருக்கிறது, சிறுநீரில் புரதம் இல்லை. அவ்வளவு அழுத்தம் நிஜமாக இருந்திருந்தால் எங்காவது அடையாளம் விட்டிருக்க வேண்டும்.

2. மாத்திரை கூட்டக் கூட்ட எண் அசையவில்லை, ஆனால் தலைசுற்றல், சோர்வு, எழுந்தால் தள்ளாட்டம் எல்லாம் வருகிறது. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது: பட்டைக்கு 170, மூளைக்குப் போகும் ரத்தத்துக்கு அது இல்லை.

3. கையை எக்ஸ்ரே எடுத்தால் ரத்தக்குழாய் தண்டவாளம் மாதிரி இரண்டு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது.

மூன்றும் சேர்ந்து வந்தால் கட்டாயம் பேச வேண்டும். இரண்டாவது மட்டும் வந்தாலும் பேசலாம்.

## அடிக்கடி நடக்கும் பொய் வேறு

விறைத்த குழாயால் வரும் பொய் அழுத்தம் அரிதானது. நம் கிளினிக்குகளில் முதியவர்களின் எண் ஏறிக்கிடப்பதற்கு அதைவிடச் சாதாரணமான காரணங்கள் இருக்கின்றன, அவற்றைச் சரிசெய்யக் காசு செலவில்லை என்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது.

ஒரு காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். மே மாதம், காலை பதினொரு மணி. எழுபத்தாறு வயதுப் பாட்டி ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, முதல் மாடியில் இருக்கும் கிளினிக்குக்குப் படியேறி வருகிறார். கிளம்பும்போது ஒரு டம்ளர் ஃபில்டர் காபி. முக்கால் மணி நேரமாக டோக்கனோடு காத்திருந்ததில் பாத்ரூம் போக வேண்டும், ஆனால் எழுந்து போனால் முறை தவறிவிடுமோ என்று அடக்கிக்கொண்டிருக்கிறார். பெயரைக் கூப்பிட்டதும் அவசரமாக உள்ளே போய் முதுகுக்குச் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார்கிறார், கால் தரைக்கு எட்டவில்லை. ஜாக்கெட்டின் கை இறுக்கம். அதைத் தோள்வரை சுருட்டி ஏற்றுகிறார்கள், சுருட்டிய துணி கையைக் கயிறு கட்டினாற்போல் பிடித்துக்கொள்கிறது. அதற்குக் கீழே பட்டை, கை தொடையின்மேல். காற்று ஏறும்போதே ‘சாப்பாடு எப்படிம்மா, தூக்கம் வருதா?’ என்று கேள்வி, பாட்டி பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். 182.

இதில் ஒவ்வொன்றும் எண்ணைத் தள்ளுகிறது:

1. முட்டிக்கொண்டிருக்கும் சிறுநீர்: பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 10 முதல் 15 புள்ளி. அளக்கும்போது பேசுவதற்கும் அதே அளவு.

2. முதுகுக்கும் பாதத்துக்கும் தாங்கல் இல்லாதது: 5 முதல் 10 வரை. கால்மேல் கால் போட்டால் இன்னும் கொஞ்சம்.

3. கை இதயத்துக்குக் கீழே இருப்பது: இது வெறும் இயற்பியல். பத்து சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 8 புள்ளி ஏறும். மேஜைமேல் வைத்து அளந்ததோடு ஒப்பிட்டால், மடியில் வைத்த கை மேல் எண்ணைச் சராசரியாக 4 புள்ளியும், தொங்கவிட்ட கை 6.5 புள்ளியும் கூட்டிக் காட்டியதாக அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2024இல் சொன்னது.

4. பட்டையின் அளவு: உள்ளே காற்று நிரம்பும் பை, கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் ஏறும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் எண் சராசரியாக 19.5 ஏறியதை 2023இல் வெளியான அதே பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. இளைத்த கைக்குப் பெரிய பட்டை போட்டால் நேர்மாறாக எண் இறங்கிக் காட்டும், அதுவும் ஆபத்துதான்.

5. படியேறிய மூச்சு, காபி, புகை: அரை மணி நேர இடைவெளியாவது வேண்டும். அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும்.

ஜாக்கெட் கைக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் ஊரில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. துணியின்மேல் பட்டை கட்டுவதும் தப்பு, துணியை இறுக்கமாகச் சுருட்டி ஏற்றுவதும் தப்பு. செக்கப்புக்குப் போகிற அன்றைக்கு மட்டும் கை தளர்வான ஜாக்கெட் போட்டு அனுப்பினால் போதும், இந்த ஒரு தொல்லை தீர்ந்தது.

இன்னொன்று இதயத்துடிப்பு. முதியவர்கள் பலருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு இருக்கும். துடிப்புக்குத் துடிப்பு அழுத்தம் மாறுவதால் தானியங்கி மிஷின் முதலில் 170, உடனே 140 என்று காட்டி வீட்டில் இருப்பவர்களைப் பயமுறுத்தும். மிஷின் கெட்டுப்போகவில்லை. மூன்று தடவையாவது எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும், கூடவே டாக்டர் ஸ்டெதஸ்கோப்பில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

## டாக்டரைப் பார்த்தாலே ஏறும் பிபி

ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறி வீட்டில் சரியாக இருப்பதை வெள்ளைக் கோட்டு விளைவு என்பார்கள். முதியவர்களிடம் இது அதிகம். பயம், காத்திருப்பு, ‘என்ன சொல்லப்போகிறாரோ’ என்ற நினைப்பு, எல்லாம் சேர்ந்து வேலை செய்கிறது.

இடத்துக்கு இடம் எல்லைக்கோடும் வேறு. கிளினிக்கில் 140/90 என்றால் வீட்டில் 135/85. ஒரு நாள் முழுக்கக் கையில் கட்டிவிட்டு, பகலில் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை, இரவிலும் தானாகவே அளக்கும் 24 மணி நேரக் கருவி இருக்கிறது, அதில் சராசரி 130/80. அந்தக் கருவிதான் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நல்ல வழி என்பது என் கருத்து. தூக்கத்தில் அழுத்தம் இறங்குகிறதா, மத்தியானம் சாப்பிட்டபின் சரிகிறதா, மாத்திரை போட்ட இரண்டாம் மணியில் என்ன ஆகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். விறைத்த குழாய் விஷயத்தில் மட்டும் அதுவும் ஏமாந்துபோகும், ஏனென்றால் அதுவும் பட்டைதான்.

வெள்ளைக் கோட்டு விளைவு மட்டும்தான் என்று தெரிந்தாலும் மறந்துவிட முடியாது, அவர்களில் பலருக்குப் பின்னால் நிஜமான பிபி வருகிறது. மாத்திரை இல்லாமல் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

நேர்மாறான பொய்யும் உண்டு. ஒரு கைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருந்தால் அந்தக் கையில் எண் குறைவாக வரும். அதனால் முதல் தடவை இரண்டு கையிலும் பார்த்து, எதில் அதிகமோ அந்தக் கையிலேயே பிறகு அளக்க வேண்டும். டயாலிசிஸுக்காக இணைப்பு வைத்த கையில் பட்டை கட்டவே கூடாது.

## பொய் எண்ணுக்குக் கொடுக்கும் விலை

தேவையில்லாத மாத்திரை என்றால் மாசாமாசம் கொஞ்சம் காசு வீண், அவ்வளவுதான் என்று தோன்றலாம். முதியவர்கள் விஷயத்தில் அப்படி இல்லை. உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால் அதை நிற்கும்போது வரும் தாழ்அழுத்தம் என்கிறோம். ராத்திரி எழுகிறார், கண் இருட்டுகிறது, ஈரமான பாத்ரூம் தரை, இடுப்பு எலும்பு. அதற்கப்புறம் பல முதியவர்கள் பழையபடி நடப்பதே இல்லை. சென்னை வெயிலில் வியர்த்து நீர்ச்சத்து குறையும் மாதங்களில், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் சேர்ந்தால் இது இன்னும் சுலபமாக நடக்கும்.

மேலே சொன்ன ஹைவெட் ஆய்வில் ஒரு விஷயத்தை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன். நிற்கும்போது மேல் எண் 140க்குக் கீழே போனவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. எண்பதைக் கடந்தவர்களுக்கு மருந்து நல்லது என்று காட்டிய ஆய்வே நிற்க வைத்து அளந்துவிட்டுத்தான் மருந்தைத் தொட்டது. நம் ஊரில் எத்தனை பேரை நிற்க வைத்து அளக்கிறார்கள்? ஒரு நிமிஷம் கூடுதலாக ஆகும். அதைக் கேட்டு வாங்க வேண்டியது கூடப் போகும் பிள்ளைகளின் வேலை.

## வீட்டில் அளப்பது எப்படி

மிஷின் வாங்கினால் மேல்கையில் கட்டும் வகையை வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது கையின் நிலை கொஞ்சம் மாறினாலே தப்பாகக் காட்டும். வாங்கும் முன் அவரது மேல்கையின் சுற்றளவை டைலர் டேப்பால் அளந்து, பட்டையில் போட்டிருக்கும் சென்டிமீட்டர் எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஒருமுறை அந்த மிஷினையே கிளினிக்குக்கு எடுத்துப்போய் அவர்கள் கருவியோடு ஒப்பிட்டுக்கொண்டால் மனசுக்கு நிம்மதி.

அப்புறம், ஏழு நாள். காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, காபிக்கும் மாத்திரைக்கும் முன். மாலையில் சாப்பாட்டுக்கு முன். சாய்மானமுள்ள நாற்காலி, பாதம் தரையில், கை டைனிங் டேபிள்மேல், டிவி நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் மௌனம். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுத வேண்டும். முதல் நாளை விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியைப் பார்ப்பது வழக்கம். இரண்டு மூன்று நாளாவது எழுந்து நின்று ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் அளந்து பக்கத்தில் குறித்துவையுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்.

180க்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல், குழப்பம் என்று எதுவாவது இருந்தால் மறுபடி அளந்து பார்க்கிற வேலையே வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். எந்த அறிகுறியும் இல்லாமல் எண் மட்டும் என்றால் ஐந்து நிமிஷம் உட்கார வைத்துத் திரும்ப எடுங்கள், அப்போதும் குறையவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

குடும்ப டாக்டருக்கும் தெளிவு வரவில்லை என்றால் முதியோர் மருத்துவம் தெரிந்தவரிடம் காட்டலாம். சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு 1978லேயே வந்துவிட்டது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் முதியோருக்கான தேசிய மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது.

எங்கே போனாலும் அந்த ஏழு நாள் நோட்டும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையும் கையில் இருக்கட்டும், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை உட்பட, ஏனென்றால் அதுவும் பிபியை ஏற்றும். உள்ளே போனதும் நோட்டை நீட்டிவிட்டு இப்படிக் கேளுங்கள்: ‘டாக்டர், வீட்டில் உட்கார்ந்தால் இவ்வளவு, நின்றால் இவ்வளவு வருகிறது. மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் 24 மணி நேரக் கருவி போட்டுப் பார்க்கலாமா? அம்மாவை ஒரு தடவை நிற்க வைத்து அளந்துவிடுகிறீர்களா?’